சட்டைக்குள் சென்சார் வைப்பது ஏன் இவ்வளவு கஷ்டமாக இருக்கிறது?

அம்மாவின் கல்யாணப் பட்டுச்சேலையை வருடத்துக்கு ஒருமுறை வெளியே எடுத்து மடிப்பு மாற்றி வைப்பது எங்கள் வீட்டு வழக்கம். போன தடவை எடுத்தபோது மேசையில் மல்டிமீட்டர் (மின்சாரம் ஓடுகிறதா என்று பார்க்கும் கருவி) கிடந்தது. முந்தியில் ஊடையாக, அதாவது குறுக்கு நூலாக, ஓடும் ஒரு ஜரிகை வரியில் ஒரு முனையை வைத்து, அதே வரியில் ஒரு சாண் தள்ளி இன்னொரு முனையை வைத்தேன். பீப் என்று சத்தம் வந்தது. சேலையில் மின்சாரம் ஓடுகிறது என்று அர்த்தம். சரி என்று சமீபத்தில் எடுத்த இன்னொரு சேலையிலும் வைத்துப் பார்த்தேன், பளபளப்பு என்னவோ இதில்தான் அதிகம், ஆனால் சத்தமே இல்லை. முதலாவதில் பட்டு நூலின் மேல் தட்டையாக்கிய வெள்ளிக் கம்பி சுற்றி, அதன் மேல் தங்கப் பூச்சு இருக்கிறது. இரண்டாவதில் இருப்பது பிளாஸ்டிக் ஜரிகை. உலோகம் பேருக்கு ஒரு படலம், அதற்கும் மேலே ஒரு பூச்சு. (இதை வைத்து ஜரிகையின் தரத்தை முடிவு செய்துவிடாதீர்கள், செம்பு ஜரிகையும் பீப் அடிக்கும்.)

இந்தச் சின்ன விஷயத்தில் எனக்கு ஏன் இவ்வளவு ஆர்வம் என்றால், மின்னணுத் துணி என்று இன்று உலகம் பேசும் துறையின் ஆரம்பகால ஆராய்ச்சி ஒன்று இப்படிப்பட்ட ஒரு துணியில்தான் நடந்தது. 1997இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ரெஹ்மி போஸ்ட், மேகி ஆர்த் என்ற இருவர் துணியிலேயே மின்சுற்று அமைக்க முடியுமா என்று பார்த்தார்கள். அவர்கள் கையில் எடுத்தது பட்டு ஆர்கன்சா என்ற மெல்லிய துணி. பாவு, அதாவது நீளவாக்கு நூல், முழுக்க வெறும் பட்டு, ஊடையில் மெல்லிய செம்புத் தகடு சுற்றிய பட்டு நூல். இந்த மாதிரித் துணி இந்தியாவில் குறைந்தது ஒரு நூற்றாண்டாக நெய்யப்படுகிறது என்று அவர்களே எழுதினார்கள். ஊடை இழைகள் ஒன்றையொன்று தொடாமல் பக்கத்தில் பக்கத்தில் ஓடுவதால் ஒவ்வொன்றும் ஒரு தனி வயர். துணி என்று நாம் நினைப்பது அவர்கள் கண்ணுக்குக் கேபிளாகத் தெரிந்தது. பிறகு மின்சாரம் கடத்தும் நூலால் ஒரு விசைப்பலகையை எம்பிராய்டரி செய்து லீவைஸ் ஜீன் ஜாக்கெட்டில் வைத்தார்கள். தொட்டால் இசை வரும்.

கிட்டத்தட்ட முப்பது வருடம் ஆகிவிட்டது. இடையில் கணினி சட்டைப் பைக்குள் போய், கைக்கடிகாரத்துக்குள்ளும் போய்விட்டது. துணிக்குள் மட்டும் ஏன் சரியாகப் போகவில்லை?

முதலில் ஒன்றைப் பிரித்துக்கொள்ளலாம். கால்பந்து வீரர்கள் சட்டைக்கு அடியில் போடும் இறுக்கமான கறுப்பு உள்ளாடையைப் பார்த்திருப்பீர்கள். தோள்பட்டைக்கு நடுவே ஒரு சின்னப் பை, அதில் ஜிபிஎஸ் கருவி. அங்கே துணி வெறும் பைதான், வேலையெல்லாம் கருவி பார்த்துக்கொள்கிறது. அடுத்த நிலையில் நூலே வயராகிறது. அதற்கும் அடுத்த நிலையில் துணியே சென்சார் ஆகிறது, உண்மையான விஷயம் அங்கேதான் இருக்கிறது.

பனியன் துணியை எடுத்துக்கொள்ளுங்கள். அது பின்னப்பட்ட துணி, ஒவ்வொரு கண்ணியும் அடுத்த கண்ணியைக் கோத்துப் பிடித்துக்கொண்டிருக்கிறது. அதில் சில வரிகளை மின்சாரம் கடத்தும் நூலால் பின்னினால், துணியை இழுக்கும்போது கண்ணிகள் ஒன்றையொன்று தொடும் விதம் மாறும், மின்தடையும் மாறும். நெஞ்சைச் சுற்றி ஒரு பட்டையாகப் பின்னிவிட்டால் மூச்சு இழுப்பதும் விடுவதும் எண்களாக வரும். தொல்லை என்னவென்றால், இழுத்த துணி உடனே பழைய நிலைக்கு வராது, முழங்காலில் தொளதொளத்துப் போன பேன்ட் மாதிரி கொஞ்சம் தள்ளியே நிற்கும். அதனால் அதே மூச்சுக்குக் காலையில் ஒரு எண், மாலையில் இன்னொரு எண்.

இதயத் துடிப்பு இன்னும் நுட்பமானது. தோலின் மேல் கிடைக்கும் இசிஜி மின்னழுத்தம் சுமார் 1 மில்லிவோல்ட், அவ்வளவுதான். ஆஸ்பத்திரியில் ஒட்டும் பட்டைகளில் ஜெல் இருப்பது தோலுக்கும் உலோகத்துக்கும் நடுவில் நல்ல தொடர்பு வேண்டும் என்பதற்காக. துணியில் ஜெல் கிடையாது, அந்த வேலையை வியர்வைதான் செய்ய வேண்டும். ஓட்டக்காரர்கள் நெஞ்சுப் பட்டையைக் கட்டும் முன் தண்ணீரில் நனைப்பது இதனால்தான். சும்மா உட்கார்ந்திருக்கும் ஆளுக்கு, ஏசி அறையில், வறண்ட தோலில், ஒவ்வொரு அசைவுக்கும் துணி வழுக்கும். வரும் சிக்னலில் எது இதயம், எது தோள் அசைவு என்று பிரிப்பதே பெரும்பாடு. இறுக்கமாக இருந்தால் அளவு சரியாக வரும், ஆனால் எட்டு மணி நேரம் அப்படி யார் போட்டுக்கொண்டிருப்பார்கள்?

இதை ஆரம்பத்திலேயே துணியின் பக்கமிருந்து யோசித்தவர் சுந்தரேசன் ஜெயராமன். சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜவுளித் தொழில்நுட்பம் படித்து, அமெரிக்காவில் ஆய்வுப் பட்டம் வாங்கி, ஜார்ஜியா டெக்கில் பேராசிரியரானவர். 1996இல் அமெரிக்கக் கடற்படையின் நிதியில் ஆரம்பித்த வேலை அது: போர்க்களத்தில் குண்டு பட்ட வீரனின் சட்டையே, எங்கே குண்டு பாய்ந்தது, நாடி எப்படி இருக்கிறது என்று சொல்ல வேண்டும். சட்டையில் ஒளி இழையை ஓட்டினார்கள். குண்டு துளைத்தால் இழை அறுந்து ஒளி நின்றுவிடும், அந்த இடம் தெரிந்துவிடும். ஆனால் சாதாரணச் சட்டை வெட்டித் தைக்கிற பொருள். கைக்குழியில் துணியை வெட்டினால் இழை அங்கேயே முடிந்துவிடும். அதனால் அவர்கள் வெட்டே இல்லாமல், கைக்குழியிலும் இழை அறுபடாமல், முழுச் சட்டையையும் தறியிலேயே நெய்யும் முறையைக் கொண்டுவந்தார்கள். சென்சார்களை மாட்ட டிச் பட்டன் மாதிரியான இணைப்புகள். மின்னணுப் பொறியாளரிடம் கேட்டிருந்தால் வயரைச் சாலிடர் பண்ணச் சொல்லியிருப்பார், இவர்கள் தையல்காரர் எடுக்கும் பொருளை எடுத்தார்கள்.

இணைப்பு என்று சொன்னேன், இந்தத் துறையின் பாதித் தோல்வி அங்கேதான் நடக்கிறது. இதை நான் கையால் தெரிந்துகொண்டேன். அண்ணன் மகளின் பள்ளிக் கண்காட்சிக்காக, இருட்டில் சைக்கிள் ஓட்டும்போது போட ஒரு மேல்சட்டை செய்தோம்: நாலு குட்டி எல்இடி, ஒரு நாணய பேட்டரி, துருப்பிடிக்காத எஃகு இழையில் செய்த நூல். அந்த நூல் கையில் சணல் மாதிரிச் சொரசொரவென்று இருக்கும், முடிச்சு போட்டால் நிற்காது, தானே அவிழும். முடிச்சின் மேல் ஒரு சொட்டு நெயில் பாலிஷ் விட்டால்தான் பிடித்துக்கொள்ளும். நூலின் நுனியில் சிலிர்த்து நிற்கும் ஒரே ஒரு மயிரிழை பக்கத்துத் தையலைத் தொட்டால் போதும், நாலு விளக்கும் அணைந்துவிடும். ஒரு முழ நூலுக்குப் பத்துப் பதினைந்து ஓம் தடை காட்டியது. செம்பு வயரில் இது ஒரு ஓம் கூட வராது. பேட்டரியிலிருந்து தூரத்தில் இருந்த விளக்கு மங்கலாகத்தான் எரிந்தது.

கண்காட்சி நல்லபடியாக முடிந்தது. பிறகு துவைத்தோம். மூன்றாவது துவைப்பில் ஒரு விளக்கு போனது, தேடிப் பார்த்தால் துணியில் நூல் நன்றாகவே இருந்தது, எல்இடி பலகையின் ஓட்டைக்குள் நூல் நுழையும் இடத்தில் அறுந்திருந்தது. துணி மடங்கும், பலகை மடங்காது. மடங்குகிற சுமை முழுக்க இரண்டும் சேரும் அந்த ஒரு கோட்டில் விழுகிறது. உங்கள் போன் சார்ஜர் வயர் எங்கே அறுகிறது என்று பாருங்கள், எப்போதும் கழுத்தில்தான்.

துவைப்பு என்பது துணிக்கு நாம் கொடுக்கும் மிகக் கடுமையான தண்டனை. வெள்ளிப் பூச்சு பூசிய நைலான் நூல்தான் மென்மையானது, தைக்க வசதியானது, அதனால் பலரும் அதையே பயன்படுத்துகிறார்கள். ஆனால் வியர்வை, சோப்பு, உரசல் எல்லாம் சேர்ந்து பூச்சை மெல்ல உரித்துவிடும், காற்றில் இருக்கும் கந்தகம் வெள்ளியைக் கறுக்க வைக்கும். பூச்சு தேயத் தேயத் தடை ஏறும். உரிந்த வெள்ளி சலவைத் தண்ணீரோடு சாக்கடைக்குப் போகும். வெள்ளித் துகள் சேர்த்த சாக்ஸைத் தண்ணீரில் அலசினால் வெள்ளி வெளியேறுகிறது என்று அரிசோனாவில் 2008இலேயே ஆராய்ந்து காட்டிவிட்டார்கள். நொய்யல் ஆறு என்ன ஆனது என்று கண்ணால் பார்த்தவர்கள் நாம், 2011இல் உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது ஞாபகம் இருக்கும். துணியில் புதிதாக ஒரு உலோகம் சேரும்போது அது எந்தத் தண்ணீரில் போய்ச் சேரும் என்பதை முதல் நாளே கேட்டுவிடுவது நல்லது. இன்னொன்று, துணிகளை மேலைநாடுகளில் சோதிப்பது பெரும்பாலும் வாஷிங் மெஷினில். கல்லில் அடித்து, பிரஷ் போட்டுத் தேய்த்து, இரண்டு பேர் ஆளுக்கொரு பக்கம் பிடித்து முறுக்கிப் பிழிகிற வீடுகளுக்கு அந்தச் சோதனை எந்த உறுதியும் தராது.

சந்தையில் என்ன நடந்தது என்பதை லீவைஸ் ஜாக்கெட்டுகளை மட்டும் வைத்தே சொல்லிவிடலாம். 2000இல் பிலிப்ஸோடு சேர்ந்து ஐசிடி பிளஸ் என்று ஒன்றைக் கொண்டுவந்தார்கள், போனும் பாட்டுக் கருவியும் உள்ளே. துவைக்க வேண்டுமென்றால் எல்லாவற்றையும் வயரோடு கழற்றி எடுக்க வேண்டும். 2017இல் கூகுளோடு சேர்ந்து இன்னொன்று. திட்டத்தின் பெயர் ஜாக்கார்ட், அட்டையில் ஓட்டை போட்டு நெசவை நடத்திய அதே பிரெஞ்சுத் தறிக்காரரின் பெயர். இடது மணிக்கட்டில் சில இழைகள் மட்டும் மின்சாரம் கடத்தும், அங்கே விரலால் தடவினால் பாட்டு மாறும், வழி சொல்லும். நெசவு அழகான வேலை, அதைக் குறை சொல்ல மாட்டேன். விலை 350 டாலர். பத்துத் துவைப்பு வரை தாங்கும் என்றார்கள். ஜீன் ஜாக்கெட்டை அடிக்கடி துவைக்க மாட்டார்கள் என்பது அவர்கள் கணக்கு. கடைசியில் துவைப்பு அதைக் கொல்லவில்லை. 2023இல் அதோடு பேசும் செயலியை கூகுள் நிறுத்தியது, அன்றிலிருந்து அது வெறும் ஜாக்கெட். ஜீன் துணி இருபது வருடம் உழைக்கும், மென்பொருள் ஆறு வருடம் கூடத் தாண்டவில்லை. என் எண்ணத்தில் அதைவிடப் பெரிய கோளாறு, பாட்டு மாற்ற யாருக்கும் சட்டைக் கை தேவைப்படவில்லை என்பதுதான்.

தேவை உண்மையாக இருக்கும் இடத்தில் இந்தத் துணிகள் ஒழுங்காக வேலை செய்கின்றன. சர்வதேச விண்வெளி நிலையத்தில் கனடாக்காரர்கள் தந்த பயோ-மானிட்டர் சட்டை இதயத்துடிப்பு, மூச்சு, தோல் வெப்பம் எல்லாம் எடுக்கிறது, 2019இல் டேவிட் செயின்ட்-ஜாக் அங்கே அதைப் போட்டுப் பார்த்தார். அங்கே வாஷிங் மெஷினே கிடையாது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். இங்கிலாந்தின் நாட்டிங்காம் டிரென்ட் பல்கலைக்கழகத்தில் திலக் டயஸின் குழு வேறு வழியில் போகிறது. மிகச் சிறிய சென்சாரை ரெசின் என்ற பிசினில் பொதிந்து நூலின் வயிற்றுக்குள்ளேயே வைத்துவிடுகிறார்கள், அப்புறம் அதை மற்ற நூல் மாதிரியே நெய்யலாம், பின்னலாம். கடினமும் மென்மையும் சேரும் கோடு நூலுக்குள் ஒளிந்துகொள்கிறது. எனக்கு அதிக நம்பிக்கை இருப்பது இந்த வழியில்தான்.

ஆனால் இந்தக் கட்டுரையை நான் எழுத உட்கார்ந்ததே ஒரு சாக்ஸுக்காக.

எங்கள் பெரியப்பாவுக்கு இருபது வருடச் சர்க்கரை. ஒருநாள் கூடத்தில் அவர் நடந்த இடமெல்லாம் சிவப்பாகப் பொட்டுப் பொட்டாக இருந்ததைப் பெரியம்மாதான் பார்த்தார். காலில் ஆணித் துண்டு ஏறியிருந்தது. எப்போது ஏறியது என்று அவருக்குத் தெரியாது, வலிக்கவே இல்லை. வலிக்காததுதான் வியாதி. 2023இல் சென்னையின் மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனம் முன்னின்று நடத்திய தேசிய ஆய்வு இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் என்று சொன்னது, அதில் எத்தனை கால்கள் இப்படி மரத்துப் போயிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

மரத்த காலில் புண் வருவதற்கு முன்னால் அந்த இடம் சூடாகும். உள்ளே திசு நசுங்கி அழற்சி ஆரம்பித்துவிட்டது, மேலே தோல் இன்னும் முழுசாக இருக்கிறது, அந்தச் சில நாட்களில் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது, தொட்டால் மட்டும் சூடு தெரியும். இரண்டு காலிலும் ஒரே இடத்தை ஒப்பிட்டு, வித்தியாசம் 2.2 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் காலுக்கு ஓய்வு கொடுக்க வேண்டும். இதைக் கடைப்பிடித்தவர்களுக்குப் புண் வருவது கணிசமாகக் குறைந்ததை அமெரிக்காவில் நடந்த ஆய்வுகள் காட்டின. சைரன் என்ற நிறுவனம் இதையே சாக்ஸில் செய்தது. பாதத்தில் ஆறு இடங்களில் குட்டி வெப்ப சென்சார்கள், துணியோடு துணியாக. காலில் போட்டுக்கொண்டு நடந்தால் போதும்.

இந்த யோசனையின் வேரைத் தேடிப் போனால் வேலூருக்கு வந்து சேருகிறோம். பால் பிராண்ட், 1914இல் கொல்லிமலையில் பிறந்தவர், 1946இல் வேலூர் சிஎம்சிக்கு அறுவை மருத்துவராக வந்தார். தொழுநோயில் விரல்கள் அழுகி விழுகின்றன என்று உலகமே நம்பியிருந்த காலம். நோயாளிகளை நாள் கணக்கில் கூட இருந்து கவனித்து, விரல் தானாக அழுகுவதில்லை, வலி தெரியாததால் அவர்களே அறியாமல் காயப்படுத்திக்கொள்கிறார்கள் என்று அவர் நிறுவினார். சூடான பாத்திரம், கல், ஆணி, தூங்கும்போது எலி கடிப்பது வரை. நம் ஊர் செருப்புக் கடைகளில் இன்றும் எம்சிஆர் செருப்பு என்று கேட்டு வாங்குகிறோமே, மரத்த காலுக்கு அந்த மெத்தை ரப்பரைக் கொண்டுவந்ததில் அவர் பங்கு பெரியது. 1966இல் அமெரிக்காவின் கார்வில் தொழுநோய் மருத்துவமனைக்குப் போன பிறகு, பாதத்தின் வெப்பத்தை அளந்து வரப்போகும் புண்ணை முன்கூட்டியே கண்டுபிடிக்கலாம் என்று எழுதியவர்களில் அவரும் ஒருவர்.

அங்கே அவர் இன்னொன்றும் செய்தார். வலிக்கு ஒரு மாற்று செய்ய முடியுமா என்று பொறியாளர்களைச் சேர்த்துக்கொண்டு, அழுத்த சென்சார்கள் வைத்த கையுறையும் காலுறையும் செய்தார். அதிக அழுத்தம் விழுந்தால் காதில் சத்தம் வரும். இன்றைய அறிவுள்ள ஆடைக்கு எத்தனையோ வருடம் முந்தைய முயற்சி. சென்சார்கள் அடிக்கடி கெட்டுப்போயின, அது ஒரு பக்கம். சென்சார் சரியாக வேலை செய்தபோதும் நோயாளிகள் சத்தத்தைக் காதில் வாங்கிக்கொண்டு வேலையைத் தொடர்ந்தார்கள். சத்தத்துக்குப் பதில் மின்அதிர்ச்சி வைத்துப் பார்த்தார். அதிர்ச்சி வரும் என்று தெரிந்தால் சுவிட்சை அணைத்துவிட்டு, நினைத்த வேலையை முடித்துவிட்டு, மறுபடி போட்டுக்கொண்டார்கள். கடைசியில் அந்தத் திட்டத்தைக் கைவிட்டார்.

போனில் அறிவிப்பு வந்தால் விரலால் தள்ளிவிட்டுப் போகிற நமக்கு இது புரியும். பெரியப்பாவிடம் செயலியில் சிவப்புப் புள்ளி வந்தால் உட்காருங்கள் என்றால், தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்சிவிட்டு வந்து உட்காருவார். அந்தச் சாக்ஸ் நிறுவனம் இதைச் சரியாகப் புரிந்துகொண்டிருக்கிறது என்று நினைக்கிறேன். சூடு ஏறினால் நர்ஸ் ஒருவர் நோயாளிக்குப் போன் செய்து காலைப் பார்க்கச் சொல்கிறார். நூலும் சென்சாரும் அந்த ஒரு போன் அழைப்பு வரைக்கும் கொண்டுவந்துவிட்டால் போதும்.

அந்தப் போன் வரவேண்டுமானால் நம் உடம்பின் விவரம் வேறு யாரிடமோ இருக்க வேண்டும், அதில் விளையாடக் கூடாது. குழந்தையின் நாடியையும் ஆக்சிஜனையும் பார்க்கும் ஓலெட் சாக்ஸுக்கு 2021இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியது, மருத்துவக் கருவிக்கான அனுமதி வாங்காமல் விற்கிறீர்கள் என்று. 2023இல்தான் முறையான அனுமதி கிடைத்தது. இங்கே தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023இல் வந்துவிட்டது. ஆனால் தொழிற்சாலையில் முதலாளி கொடுக்கும் சீருடையில் சென்சார் இருந்தால், வேண்டாம் என்று சொல்லும் தைரியம் எத்தனை தொழிலாளிக்கு இருக்கும்? இதில் நான் முழுக்க தொழிலாளி பக்கம்தான்.

சரி, அந்தச் சாக்ஸ் நம் ஊருக்கு வந்தால் என்ன ஆகும்? நாம் சாக்ஸ் போடுவதில்லை. மே மாதத்தில் மதுரையில் ஒரு விவசாயியை நாள் முழுக்கச் சாக்ஸோடு இருக்கச் சொல்ல முடியாது. செருப்பில் வைக்கலாம் என்றால் அதை வாசலிலேயே கழற்றிவிட்டுத்தான் உள்ளே வருகிறோம், பெரியப்பா சிவப்புப் பொட்டு வைத்து நடந்ததும் வீட்டுக்குள்தான். அமெரிக்காவில் போடிமெட்ரிக்ஸ் என்ற நிறுவனம் ஒரு விரிப்பு விற்கிறது, தினமும் 20 நொடி அதன் மேல் ஏறி நின்றால் இரண்டு பாதத்தின் வெப்பத்தையும் எடுத்துக்கொள்ளும். எனக்கு அதைப் பார்த்ததும் வீட்டு வாசல் கால்மிதிதான் ஞாபகம் வந்தது. அதைத் துவைக்கிற அவசியம் குறைவு, உடம்போடு வழுக்காது, யாரும் புதிதாக எதையும் உடுத்த வேண்டியதில்லை, பெரியப்பா எப்படியும் ஒவ்வொரு முறை உள்ளே வரும்போதும் அதில் காலைத் துடைத்துவிட்டுத்தான் வருகிறார். கரூரிலும் சென்னிமலையிலும் தினமும் எத்தனையோ கால்மிதிகள் தறியிலிருந்து இறங்குகின்றன. அதில் ஒன்றின் ஊடையில் நாலு வரி மாற்றிப் போட்டு, சாமி படத்துக்கு முன்னால் இருபது நொடி கண்ணை மூடி நிற்கிற இடத்தில் விரித்து வைத்தால் என்ன என்றுதான் இப்போது யோசித்துக்கொண்டிருக்கிறேன்.